கலங்கலில் சுற்றிய செருப்பு

1

எங்கள் நகர் நலச்சங்கத்தின் வாட்ஸப் குழுவில் நான் இன்னும் இருக்கிறேன். ஊரை விட்டு வந்து இத்தனை வருடமாகியும் வெளியேற மனம் வரவில்லை. குப்பை வண்டி வராத புகார், தெருநாய்ச் சண்டை, யாரோ ஒருவருடைய பேத்தியின் அரங்கேற்றம் என்று எல்லாவற்றையும் நார்வேயில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். கார்த்திகை பிறந்த வாரம் அதில் ஒரு வீடியோ வந்தது. ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழிகிறது. குடைகள், குழந்தைகள், செல்ஃபி எடுக்கும் கைகள். கீழே சங்கத்தின் செக்ரட்டரி எழுதியிருந்தார்:

"நம்ம ஏரியாவுக்கு ஒரு மினி குற்றாலம்! குடும்பத்தோடு வந்து மகிழுங்கள். மது அருந்திவிட்டு யாரும் இறங்க வேண்டாம். முன்பு ஒரு பையன் அப்படித்தான் போனான்."

அந்தப் பையனின் பெயர் சலீம். என் நண்பன். அவன் செத்ததும் பல வருடத்துக்கு முன் இதே போல ஒரு கார்த்திகையில்தான். அன்று அவன் பக்கத்தில் நின்றவன் நான். அவன் குடித்தது ஒரு பன்னீர் சோடா. மிச்சம் வைத்ததை நான் குடித்தேன்.

செக்ரட்டரியின் செய்தி வந்தபோது நான் பட்டறையில் கயாக் ஒன்றின் விரிசலை அடைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் மட்டும் இடுப்புவரை உள்ளே நுழைந்து உட்கார்ந்து, இரட்டைத் துடுப்பால் செலுத்துகிற மூடிய சின்னப் படகுதான் கயாக். காட்டாற்றின் வெள்ளை நுரைக்குள் அதை ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். செய்தியைப் படித்துவிட்டுக் கையிலிருந்த சூடான கருவியைத் தரையில் எறிந்தேன். அது அணைந்ததா, தரை கருகியதா என்றுகூடப் பார்க்கவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் எனக்கு வகுப்பு கிடையாது. அன்றைக்கே சென்னைக்கு டிக்கெட் போட்டேன்.

ஏரியின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் மனை விலை இறங்கிவிட்டது என்று என்மேல் வழக்குப் போட ஆள் இருக்கிறது. தாம்பரம், செம்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ ஏரி. அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

கலங்கல் என்பது இப்போதைய அபார்ட்மென்ட்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்து போவதற்காக ஓரிடத்தில் தாழ்வாகச் சுவர் விட்டிருப்பார்கள். அதுதான் கலங்கல். எங்கள் ஏரியில் அது முன்பு கருங்கல் படிகளாக இருந்தது. தண்ணீர் படியில் மோதி உடைந்து உடைந்து இறங்கும். பலப்படுத்துகிறோம் என்று சொல்லி ஒரு வருடம் படிகளைப் பெயர்த்துவிட்டுச் செங்குத்தாகக் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். பந்தல் போட்டு, மாலை மரியாதையோடு திறப்பு விழாவும் நடந்தது. சுவர் உயரமொன்றுமில்லை. கோடையில் தண்ணீர் இல்லாதபோது கீழே நின்றால் என் நெஞ்சளவு வரும். அதற்கடுத்த மழைக்காலத்தில் சலீம் செத்தான்.

எங்கள் குடும்பம் அந்த ஏரிப் பாசனத்தில் நெல் விதைத்து, பிறகு அதையே மனை போட்டு விற்ற குடும்பம். சலீமின் அப்பா மேற்குத் தாம்பரத்தில் பெயின்ட், ஹார்ட்வேர் கடை வைத்திருந்தார். நாங்கள் இருவரும் பள்ளிக்கு மட்டம் போட்டுக் கல்குட்டையில் நீந்தக் கற்றவர்கள். அவன் என்னைவிட நன்றாக நீந்துவான். பாறை உச்சியிலிருந்து தலைகீழாகக் குதிப்பான்.

ஏரி வழிந்தால் மீனும் வழியும். அன்று ஞாயிற்றுக்கிழமை. பாதி ஊர் கொசுவலையும் லுங்கியுமாகக் கலங்கலில் நின்றது. கொசுவலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சலீம் சுவர்மேல் நின்றான். மறுமுனை கரையில் என் கையில். பாசி வழுக்கிக் கீழே விழுந்தான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நெஞ்சளவு உயரத்திலிருந்து சலீம் விழுந்தால் வேறென்ன செய்வோம்? தண்ணீருக்கு மேலே வந்து அவனும் சிரித்தான். அடுத்த நொடி சுவரை நோக்கி நகர்ந்தான், உள்ளே போனான். மறுபடி வந்தபோது அவன் சிரிக்கவில்லை. கைகளை வீசி நீந்தினான். நன்றாகத்தான் நீந்தினான். ஒரு அடிகூடச் சுவரை விட்டு விலக முடியவில்லை. தண்ணீர் அவனைத் திரும்பத் திரும்பச் சுவருக்கு இழுத்துக்கொண்டு போனது.

"புடி! புடி!" என்று கரையில் அத்தனை பேரும் கத்தினோம். பிடிக்க அங்கே என்ன இருந்தது? கொசுவலையை வீசினேன், கிழிந்தது. குதிக்கப் போன என்னை நாலு பேர் இடுப்பைக் கட்டிப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவர்கள் செய்தது சரி என்று இன்று எனக்குத் தெரியும். குதித்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

அவனை எடுத்த பிறகும் அவனுடைய ரப்பர் செருப்பு ஒன்று அந்தச் சுவரடியில் சுற்றிக்கொண்டே இருந்தது. நீல வார். சுவருக்குப் போகும், முங்கும், கொஞ்சம் தள்ளி எழும், மறுபடி சுவருக்குப் போகும். சாயங்காலம்வரை அது வெளியே போகவேயில்லை. ஊரே நின்று பார்த்தது. நானும் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"இத்தினியூண்டு தண்ணில நீச்சல் தெரிஞ்சவன் எப்டி சாவான்? சரக்கு போட்ருப்பான்" என்று கூட்டத்தில் ஒரு குரல் சொன்னது. அவ்வளவுதான். இன்றைய செக்ரட்டரி அன்று வெறும் உறுப்பினர். நிருபரிடம் அதைப் பேப்பர் தமிழில் எடுத்துச் சொன்னவர் அவர். "மது போதையில் வாலிபர் பலி" என்று வந்தது. நான் தெருத்தெருவாகச் சொன்னேன், அவன் குடிக்கவில்லை, அவனுக்கு அந்தப் பழக்கமே இல்லை என்று. "நீ ஃப்ரெண்டு, அப்படித்தான் சொல்லுவே" என்றார்கள்.

அவர்களுக்கு அவன் குடித்திருக்க வேண்டும், சார். குடித்திருந்தால்தான் சுவரைக் கட்டியவனைக் கேள்வி கேட்க வேண்டாம். குடித்திருந்தால்தான் குடிக்காத தங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்று நிம்மதியாகத் தூங்கலாம். அந்த நிம்மதிக்காக ஐந்து வேளையும் தொழுகிற ஒரு வீட்டின் வாசலில் சாராய நாற்றத்தைக் கொட்டிவிட்டுப் போனார்கள். சலீமின் தங்கை நஸீமாவுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. காரணம் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

3

நான் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்து, அவர்கள் அனுப்பித்தான் நார்வேக்கு வந்தேன். முதல் கோடையில் ஆபீஸ்காரர்கள் ஒரு வாரக் கயாக் வகுப்புக்கு இழுத்துப் போனார்கள். பயிற்சி கொடுத்தவள் இங்ரிட், என்னைவிடச் சின்னப் பெண். ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் மரம் அறுக்கும் பழைய ஆலை ஒன்றின் ஆற்றுத் தடுப்புச் சுவரருகே எங்களை நிறுத்தினாள். கலங்கல் போலவே நேர்ச்சுவர், நெஞ்சளவு. ஒரு விறகுக் கட்டையைத் தூக்கிச் சுவரடியில் போட்டாள். கட்டை சுவருக்குப் போனது, முங்கியது, கொஞ்சம் தள்ளி எழுந்தது, மறுபடி சுவருக்குப் போனது.

"விழுகிற தண்ணீர் அடியில் போய் மோதி மேலே எழும்பும். எழும்பியதில் ஒரு பாதி சுவரை நோக்கித் திரும்பும். இதற்குள் விழுந்தவர் எவ்வளவு நீந்தினாலும் எதிர்நீச்சல்தான். இதில் நல்ல நீச்சல்காரர்களும் சாகிறார்கள்" என்றாள்.

நான் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இங்ரிட் ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டாள். கண்ணுக்கு முன்னால் நீல வார்ச் செருப்பு சுற்றிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் விடுமுறைக்கு வந்தவனுக்கு முதல் நாள் காலையில் சொல்லிக்கொடுக்கிற விஷயம். எங்கள் ஊரில் அந்தச் சுவரைக் கட்டிய ஒருவருக்குக்கூடத் தெரியாதா? தெரியாமல் கட்டினார்களா, தெரிந்தே கட்டினார்களா?

அதற்குப் பிறகு நான் ஆறுகளை விட்டு வரவில்லை. சாஃப்ட்வேர் வேலையை விட்டேன். வேலை மாறியதும் விசாவும் மாற வேண்டும். அலுவலகத்துப் பெண் என் பாஸ்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "கம்ப்யூட்டரிலிருந்து கயாக்குக்கா?" என்று இரண்டு முறை கேட்டாள். அவளாவது கேட்டாள். என் அப்பா இன்றுவரை உறவுக்காரர்களிடம், "பையன் ஏதோ வாட்டர் ப்ராஜெக்ட்ல இருக்கான்" என்றுதான் சொல்கிறார். படகோட்டுகிறான் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

4

கயாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. படகு கவிழ்ந்து, நிமிர்த்த முடியாமல் வெளியேறி நீந்திக் கரை சேர்ந்தவன், அன்று மாலை தன்னுடைய நனைந்த காலணியில் பீர் ஊற்றிக் குடிக்க வேண்டும். நாற்றம் குடலைப் பிடுங்கும். எல்லோரும் கை தட்டிச் சிரிப்பார்கள். அதோடு சரி, கணக்கு முடிந்தது. மறுநாள் யாரும் அதைக் குத்திக் காட்ட மாட்டார்கள். ஏனென்றால் நாளைக்கு யார் முறை என்று தெரியாது. நான் எத்தனையோ தடவை குடித்திருக்கிறேன். இங்கே பிழைத்து வந்தவனுக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் செத்துப்போனவன் வாயில் ஊற்றுகிறார்கள்.

விபத்து நடந்தால் இவர்கள் முதலில் கேட்பது, தண்ணீர் என்ன செய்தது என்று. பிறகுதான், நாம் என்ன செய்தோம் என்பது. ஆள் எப்படிப்பட்டவன் என்ற கேள்வியே வராது.

எங்கள் வகுப்பில் எல்லோர் இடுப்பிலும் ஒரு பை இருக்கும், உள்ளே மிதக்கும் கயிறு. தண்ணீரில் தத்தளிப்பவரைக் கூப்பிட்டுப் பார்க்க வைத்து, கயிற்றை அவர்மேல் வீச வேண்டும். கூப்பிடுவதற்கு நார்வேஜியனில் வார்த்தை இருக்கிறது. முதல் தடவை நிஜமாகவே ஒருவன் சிக்கியபோது என் வாயில் வந்தது, "புடிடா! புடி!" அவன் பிடித்துவிட்டான். அன்று முதல் எங்கள் கயாக் கிளப்பில் கயிறு வீசுகிறவர்கள் எல்லோரும் "புடி" என்றுதான் கத்துகிறார்கள். மஞ்சள் தலைமுடிக் குழந்தைகள் கத்தும்போது கேட்க வேண்டும்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் அவள் நார்வேஜியனில் பதில் சொல்வாள். கிளப்பில் கயிறு வீசும் போட்டியில் ஜெயித்துவிட்டு வந்து ஒரு நாள் நார்வேஜியனில்தான் கேட்டாள், "அப்பா, நம்ம கிளப்ல கத்துவோமே, அது உங்க ஊர் வார்த்தைன்னு இங்ரிட் சொல்றா. நிஜமா?"

உங்க ஊர். என் மகள் அந்த வார்த்தையை வெள்ளைக்காரக் குழந்தைகளிடமிருந்து கற்றிருக்கிறாள். அதற்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அது ஒரு கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கயிறில்லாமல் கத்திய வார்த்தை என்பதை அவளிடம் எப்படிச் சொல்ல?

5

ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் சலீமின் அம்மாவைப் பார்ப்பேன். கடையை இப்போது நஸீமாதான் நடத்துகிறாள். பல வருடம் கழித்துச் சொந்தத்திலேயே கல்யாணம் ஆகி, கணவரும் கூடவே இருக்கிறார். வீடு கடைக்கு மேலே. அம்மா டீ கொடுப்பார், என் மகளைப் பற்றிக் கேட்பார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, நஸீமா காதில் விழாதபடி கேட்பார்.

"உண்மைய சொல்லு ரவி. நா ஒன்னியும் நெனச்சிக்க மாட்டேன். எம் புள்ள அன்னிக்கு குட்ச்சிருந்தானா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"சர்தான்" என்பார். அடுத்த தடவையும் கேட்பார். நான் நண்பன், அப்படித்தான் சொல்வேன். ஊர் சொன்னதையே கேட்டுக் கேட்டுப் பெற்ற தாய்க்கே சந்தேகம் வந்துவிட்டது. என்னால் எதையும் மன்னிக்க முடிந்தாலும் இதை மன்னிக்க முடியாது. இந்தத் தடவை அவர் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்றுதான் விமானம் ஏறினேன்.

கலங்கலில் ஒரு கயிறும் ஒரு எச்சரிக்கைப் பலகையும் வைக்க அனுமதி கேட்டு இரண்டு நாள் அலைந்தேன். ஒரு அலுவலகத்தில் ஏரி எங்களுடையது இல்லை என்றார்கள். இன்னொன்றில் ஏரி எங்களுடையது, கரைச்சாலை அவர்களுடையது என்றார்கள். மூன்றாவது மேஜையில் ஒருவர் மட்டும் உண்மையைச் சொன்னார்.

"சார், போர்டு வெச்சா அங்க ஆபத்து இருக்குன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதுக்கப்புறம் எவனாவது விழுந்தா எங்க தலைதான் உருளும்."

"போர்டு இல்லாம விழுந்தா?"

"அது அவன் தப்பு" என்றார், எனக்கு டீ வாங்கி வரச் சொல்லிக்கொண்டே.

நார்வேயில் படகுத்துறைக்குத் துறை உயிர்காக்கும் வளையம் தொங்கும். அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, யாரும் அதைப் பார்த்து அந்த ஊருக்கே கெட்ட பெயர் என்று நினைப்பதுமில்லை. அந்த மனிதர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அன்றிரவு வாட்ஸப் குழுவில் எழுதினேன்: "காலையில் கலங்கலுக்கு வாருங்கள். ஒன்று காட்ட வேண்டும்." என் ரத்தக் கொதிப்புக்கு அதைவிட மரியாதையாக எழுத முடியவில்லை.

6

வங்கக் கடலில் ஏதோ ஒரு புயல் சின்னம் நின்றிருந்ததால் மழை விடவில்லை. கலங்கல் முழு அகலத்துக்கும் வழிந்துகொண்டிருந்தது. சுவரடியில் தெர்மாகோல் துண்டுகளும் தண்ணீர் பாட்டில்களும் சுற்றிக்கொண்டிருந்தன. எத்தனை வருடமாகச் சுற்றுகின்றன! பார்க்கிறவர்கள் குப்பை என்றுதான் நினைக்கிறார்கள்.

செக்ரட்டரி குடையோடு வந்தார், கூடச் சில உறுப்பினர்கள். "என்ன தம்பி, கயாக் ஷோவா? படகு எங்கே?" என்று என் தோளைத் தட்டினார். ஆட்டோவிலிருந்து நஸீமா அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்குவதைப் பார்த்ததும் தட்டிய கை இறங்கியது. அந்தச் சாவுக்குப் பிறகு அம்மா ஏரிப் பக்கம் வந்ததே இல்லை. காலையில் நஸீமா கூப்பிட்டபோது, "நா இன்னாத்துக்கு அங்க?" என்று கேட்டிருக்கிறார். "ரவி அண்ணா கூப்பிட்டாரு, வாம்மா" என்று அழைத்து வந்திருக்கிறாள்.

நான் பேச்சு எதுவும் பேசவில்லை. பேசினால் கெட்ட வார்த்தைதான் வரும். மட்டை உரிக்காத தேங்காய் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். நஸீமா கடையில் வாங்கிய மெல்லிய நைலான் கயிற்றின் ஒரு நுனியை அதில் கட்டி, மறுநுனியைக் கையில் தளர்வாக வைத்துக்கொண்டேன். கரையோரம் நின்று தேங்காயைச் சுவரடியில் போட்டேன்.

தேங்காய் சுவருக்குப் போனது. முங்கியது. தள்ளிப் போய் எழுந்தது. தப்பித்துவிடும் போலிருந்தது. மறுபடி சுவருக்கு வந்தது.

"அட" என்றார் ஒரு உறுப்பினர்.

மறுபடி முங்கியது. எழுந்தது. வந்தது. மழை குடைகளின்மேல் விழுந்துகொண்டிருந்தது. நஸீமா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அம்மா குடையை விலக்கிவிட்டு நனைந்துகொண்டே பார்த்தார். தேங்காய் போகும், வரும், போகும், வரும். அவர் தலை அதோடு கூடவே மெல்ல அசைந்தது.

செக்ரட்டரி தொண்டையைச் செருமினார். "இன்ட்ரஸ்டிங் தம்பி. பட் இப்போ தண்ணி ஃபோர்ஸ் ஜாஸ்தி. அன்னிக்கு அந்த கேஸ் வந்து…"

அம்மா திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"ஏன் சார், இந்தத் தேங்காயும் குட்ச்சிகினு வந்துச்சா?"

உறுப்பினர்களில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செக்ரட்டரி போனைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், பிறகு வண்டி நிறுத்திய இடத்தை நோக்கி நடந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, வரவுமில்லை. குழுவில் அவர் போட்ட மினி குற்றாலச் செய்தி மட்டும் மதியத்துக்குள் அழிக்கப்பட்டிருந்தது.

"அத எட்து வுட்டுடு ரவி. அங்கயே கெடக்க வேணாம்" என்றார் அம்மா.

கரையோரமாகக் கீழ்ப்பக்கம் நாலடி நடந்து, கயிற்றைப் பக்கவாட்டில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். தேங்காய் அந்தச் சுழலை விட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்து என் காலடியில் கரை ஒதுங்கியது. கஷ்டமே இல்லை. என் மகள் ஒற்றைக் கையால் செய்வாள்.

அம்மா குனிந்து தேங்காயை எடுத்தார். அதில் கட்டியிருந்த கயிற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் கடையில் சுருள் சுருளாகத் தொங்குகிற அதே கயிறு. அன்றும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"இவ்ளோதானா, ரவி?" என்றார். "இவ்ளோதானா?"

தேங்காயைப் புடவைத் தலைப்பால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தார். நான் நார்வேக்குக் கிளம்பும் நாளில் வாசல்வரை வந்தார். அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கலங்கலில் இன்னும் கயிறு கிடையாது.